எல்லோருக்கும் தெரிந்திருந்தது

அப்பா இறந்துபோன செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நான் தென்காசியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்கு வந்தேன். கணவர் வீட்டார் சுக்கு, மிளகு வியாபாரத்துக்காக எப்போதோ இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், முதல் ஒரு வருடம் என் காதுக்கு அது மலையாளமாகவே கேட்டது. கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஆறேழு மாதம் கடலில், இரண்டு மூன்று மாதம் வீட்டில் என்று வாழ்க்கை. கொச்சங்காடியில் பழைய குடோன்களுக்குப் பின்னால் எங்கள் வீடு. அவர் கப்பலுக்குப் போனால் நானும் மாமியாரும் மட்டும். கணவரின் அண்ணன் குடும்பத்தோடு இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். பாசமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். நான் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தபோது, "சரி, போய்ச் சாப்பிடு" என்றார். கல்யாணமாகிப் புறப்பட்ட அன்றும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவர் வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் மட்டாஞ்சேரிக்கு வந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு குரல் செய்தி அனுப்புவார். தொலைபேசி அத்தனை தூரம் குரலைக் கொண்டுபோகும் என்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் கத்தித்தான் பேசுவார்.

"இன்னைக்கு இங்க நல்ல காத்து. சாரல் லேசா உண்டு. உங்க ஊரு மேகம் மலையத் தாண்டி இங்க வந்துட்டு. அங்க மழை விட்டிருக்கும், துணியக் காயப் போடு."

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டார். வைக்கிறேன் என்றும் சொல்ல மாட்டார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு சற்று எரிச்சலாகவும் இருந்தது. அப்பா ஒரு தடவையாவது "உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அந்தச் செய்திகளைக் கேட்டு முடித்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அழிக்கவும் இல்லை, வேறெங்கும் சேமித்து வைக்கவும் இல்லை.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது முறை உண்டானதும் கணவர் கப்பலுக்குப் போகவில்லை. கரையிலேயே படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவர் என்னைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். ஊருக்குப் போகக் கூடாது, படியேறக் கூடாது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது. மாமியார் என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. "நீ கிடந்தோ மோளே, நான் நோக்கிக்கறேன்" என்று கஞ்சியும் கறியும் கட்டிலுக்கே கொண்டுவருவார். அவருக்கு அன்பு என்றால் அதுதான், நம் கையில் எந்த வேலையையும் விட்டுவைக்காமல் பிடுங்கிக்கொள்வது. எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா பக்கத்தில் இல்லாத குறை தெரியவில்லை என்றுகூட அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் காலை மாமியார் நனைந்த கையோடு வந்து கட்டில் அருகே நின்றார்.

"மோளே, ஒரு அபத்தம் பற்றிப் போச்சு. உன் ஃபோனை நான் கண்டில்லை. பெட்ஷீட்டோட சேர்த்து வாரி வெள்ளத்திலே முக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகம் அப்படி வெளிறிப் போயிருந்தது. தொலைபேசிதானே என்று நானே அவரைச் சமாதானப்படுத்தினேன். அதை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். உயிர் வரவில்லை. கணவர் அந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை. படகு இஞ்சின் உதிரிபாகம் வாங்கக் கோயம்புத்தூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தவர் உள்ளே வருவதற்கு முன் கிணற்றடியில் குளித்து, போட்டிருந்த உடையைத் தானே அலசிக் காயப் போட்டார். கிரீஸ் கறை என்று நினைத்துக்கொண்டேன். கையில் எனக்குப் புது எண்ணோடு புதுத் தொலைபேசி இருந்தது.

அதில் முதல் அழைப்பு அம்மாவுக்குத்தான் போட்டேன். வீடியோவில் அம்மா நெற்றி நிறைய குங்குமமும் தலையில் பூவுமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. சளி என்றாள்.

"அப்பாவுக்குத் தொண்டையில ஒரு சத வளந்துட்டு. சின்ன ஆப்பரேஷன்தான். எடுத்தாச்சு. மூணு மாசத்துக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ. நீ பயப்படாத."

"அப்பாவைக் காட்டும்மா."

"இப்பத்தான் கண்ணசந்தாவ. எழுப்ப வேண்டாம்."

பயந்துதான் போனேன். ஆனால் அன்று மாலையே அப்பாவின் எண்ணிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "நான் நன்றாக இருக்கிறேன். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். பேச முடியாது என்பதால் தம்பி எழுதச் சொல்லிக் கொடுத்தான்." எனக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் செய்தி வந்தது. நானும் எழுதினேன். நேரில் ஒருபோதும் பேசத் துணியாததையெல்லாம் எழுதினேன். இந்தக் குழந்தையும் தங்காமல் போய்விடுமோ என்ற பயத்தை எழுதினேன். முதல் இரண்டு முறை கரு கலைந்தபோது என் மேல் ஏதோ தப்பு இருப்பதாகவே நினைத்து ஒளிந்து ஒளிந்து அழுததை எழுதினேன். பதில்கள் வந்தன. "உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. நீ இருந்ததால்தான் எனக்கு எல்லாம் நன்றாக நடந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டேன்." இதை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிவைத்தேன். முப்பது வருடம் காத்திருந்த வார்த்தை. குரல் போனதால் அப்பாவுக்கு வாய் திறந்துகொண்டது என்று கணவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. பிரசவத்துக்கு அம்மா வரவில்லை. அப்பாவைத் தனியே விட்டு வர முடியாது என்றாள். எனக்கு அது உறுத்தியது. எனக்கு வலிக்கிற நேரத்தில்கூட அப்பாவின் தொண்டைதான் பெரிதா என்று தொலைபேசியில் கேட்டே விட்டேன். அம்மா பதிலுக்கு, குழந்தையைக் காட்டு என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு இடுப்பில் நூல் கட்டுகிற சடங்கு. அதற்கு முந்திய நாள் அம்மாவும் தம்பியும் வந்தார்கள். அப்பாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வீட்டில் ஒரே பரபரப்பு. கணவரின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அடுக்களையில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். அம்மா வாழ்நாள் முழுவதும் குங்குமம் வைத்தவள். முந்திய நாள் வந்தபோது ஒட்டுப் பொட்டு வைத்திருந்ததை நான் கவனித்திருந்தேன், பயணத்துக்குச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதுவும் இல்லை. குளிக்கும்போது கழற்றிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியவள் மறந்து வந்திருக்கிறாள்.

"அம்மா, பொட்டு" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். அம்மாவின் கை நெற்றிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அவள் கண்ணாடி இருக்கும் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள். அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி இருந்தது. அதில் தாலி இல்லை.

"எப்பம்மா?"

அம்மாவின் வாய் கோணிற்று. பதில் பின்னாலிருந்து வந்தது. மாமியார் கையில் கரண்டியோடு நின்றிருந்தார்.

"மோளே, குஞ்ஞு பால் குடிக்கிற சமயம். இப்போ கரையண்டா."

அழாதே என்கிறார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரிசிப் பானையும் கிணற்றடியில் அலசிய சட்டையும் கோயம்புத்தூரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவரைப் பார்த்தேன். அவர், "மாரடைப்பு. தூக்கத்திலேயே போயிட்டார். கஷ்டப்படலை" என்றார். வந்திருந்தவர்கள் யாரும் திடுக்கிடவில்லை. அண்ணனின் மனைவி திரும்பிப் பாயசத்தைக் கிளறினாள். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது செய்தி.

நூல் கட்டுவது நடந்தது. என் மடியில்தான் குழந்தையை வைத்துக் கட்டினார்கள். நான் அழவில்லை. எனக்கு அழத் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு ஊரே கூடி அழுது முடித்த ஒருவருக்காக நான் தனியாக எங்கே உட்கார்ந்து ஆரம்பிப்பது?

அன்று மதியம் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டாக்டர்கிட்டேயும் கேட்டோம். அதிர்ச்சி கொடுக்க வேண்டாம்னு சொன்னார். உனக்கும் சேர்த்து நான் போனேன். உனக்கும் சேர்த்து நான்தான் தோள் கொடுத்தேன்."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்காகச் செய்ததாக நினைத்தார். எனக்கு அது தாங்கவில்லை.

"என் அப்பாவுக்கு எனக்குப் பதிலா அழ உங்களை யார் கேட்டா?" என்றேன்.

மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தொலைபேசியை வேண்டுமென்றேதான் தண்ணீரில் போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஊரிலிருந்து யாராவது அழைத்து உளறிவிடுவார்களோ என்று பயந்து, வேறு வழி தெரியாமல் செய்தாராம். அதில் அப்பாவின் குரல் இருந்தது என்று நான் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. "ஃபோன் புதுசு வாங்கித் தந்தோமல்லோ" என்றார். பிறகு குழந்தையை எடுத்து என் மடியில் வைத்து, "இதை நோக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தாலும் நான் இதைத்தான் செய்வேன்" என்றார்.

குழந்தைக்கு ஐந்து மாதமானபோது தென்காசிக்குப் போனேன். அப்பாவின் தொலைபேசியைத் தம்பி கொடுத்தான். அதில் ஒரு குரல் செய்திகூட இல்லை. இடம் அடைத்துக்கொள்கிறது என்று அனுப்பியதையெல்லாம் உடனுக்குடன் அழித்துவிடும்படி தம்பிதான் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தான். இருந்ததெல்லாம் அந்த மூன்று மாத எழுத்துகள். என் பயங்கள், என் கண்ணீர், எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எப்படி இருக்குமோ அப்படி. என்னைவிட ஏழு வயது சின்னவன் அவன். ஒரு பெண் தன் அப்பாவிடம் மட்டும் சொல்வதையெல்லாம் படித்திருக்கிறான்.

"வெறும் சாப்பிட்டியா தூங்கினியான்னு எழுதியிருக்கலாமே. எதுக்குடா அதெல்லாம் எழுதின?" என்று கேட்டேன்.

"நீ அப்படி எழுதுத, நான் என்னத்தக்கா சொல்ல? எனக்கு உங்கிட்ட சொல்லணும்னு இருந்ததத்தான் எழுதினேன். அப்பா பேர்ல எழுதும்போது வந்துட்டு."

அவன் அழுதுகொண்டிருந்தான். அந்த வார்த்தைகள் பொய்யில்லை, ஆள்தான் வேறு என்று அவன் சொல்கிறான். அது எனக்கு விளங்கியது. ஆனாலும் அப்பா சொன்னதாக நான் நம்பிப் பத்திரப்படுத்தியதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அவன்தான். அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. ஒரு வருடம் அவனோடு பேசவில்லை.

அம்மாவிடம் அப்படி இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், தாலி கழற்றிய பதினாறாம் நாள்கூட, நான் அழைக்கும் நேரத்துக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு குங்குமம் வைத்துக்கொள்வாளாம். பேசி முடித்ததும் துடைத்துவிட்டுக் கதவைத் திறப்பாளாம். தெருவில் சிலர் கண்டுபிடித்துக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டு மறுநாளும் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம்தான் நான், எனக்கு வலிக்கும்போது வரவில்லையே என்று சண்டை போட்டேன். என்னைக் காப்பதாகச் சொல்லி, என் வாயாலேயே அவளைக் குத்தவும் வைத்துவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மகளுக்கு ஒரு வயதானதும் கணவர் மறுபடி கப்பலுக்குப் போனார். அடுத்த இரண்டு வருடம் அப்படியே ஓடியது. நானும் மாமியாரும் அதே வீட்டில் இருந்தோம். அவர் சமைத்துப் போட்டார். நான் சாப்பிட்டேன். ஒரு நாள் காலை கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. நினைவு இருந்தது, குழறலாகப் பேச முடிந்தது.

இரண்டாம் நாள், கணவரின் அண்ணனும் பக்கத்தில் நிற்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்டே சொல்லண்டா மோளே. அவன் கடல்லே ஒத்தைக்கு. கரைக்கு வரட்டே" என்றார்.

"சரி" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார்: "அவன் கரை தொட இன்னும் பதினெட்டு நாளுண்டு. அறிஞ்சாலும் வர முடியாது. அதுவரை யாரும் சொல்லண்டா. அம்மாவும் அதைத்தானே சொன்னா?"

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்கு அழைத்தேன். என் அப்பாவின் சாவில் எனக்குச் செய்ததை இவருக்கு நான் செய்ய மாட்டேன். அழ வேண்டிய நாளில் அழ ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். அவர் மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. கோபம் எல்லாம் போக மிச்சமிருந்த அன்பையெல்லாம் சேர்த்துத்தான் அந்த அழைப்பைச் செய்தேன் என்று இன்றும் சொல்வேன்.

கப்பலில் அப்போது இணைப்பு இருந்தது. "எந்தா விசேஷம்? குழந்தை எங்கே?" என்று உற்சாகமாக எடுத்தார்.

சொன்னேன். அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பதினெட்டு நாள் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. கரை தொட்டதும் விமானம் பிடித்து வந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, யாரோ போல் வந்து நின்றார். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம் பேசவில்லை. மறுநாள் மதியம், குழந்தை தூங்கியபின், நானே போய்க் கேட்டேன்.

"மின்சாரத்திலே கை வைக்கிற வேலை எனக்கு. கை நடுங்குதுன்னு கேப்டன் என்னை வேலைக்கு விடலை. பதினெட்டு நாள், நாலு இரும்புச் சுவருக்குள்ளே. பக்கத்திலே கிடக்கிறவனுக்கு என் பாஷை அறியில்லை. நான் என்ன செய்ய முடியும்னு என்கிட்டே சொன்னே?"

"உங்க அம்மாவாச்சே. நீங்க தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன்."

"கரைக்கு வந்து அறிஞ்சா போதுமாயிருந்தது எனக்கு. அந்தப் பதினெட்டு நாளும் எனக்கு அம்மா உயிரோட இருந்திருப்பா." குரலை உயர்த்தவில்லை. "உனக்கு உன் அப்பாவை மூணு மாசம் கூடுதலாக் குடுத்தோம். எனக்கு எங்க அம்மாவை பதினெட்டு நாள் குடுக்க உனக்குத் தோணலையல்லோ."

அந்த மூன்று மாதத்தை ஒரு கொடையாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அதைத் திருட்டு என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருக்கோ நான் செய்ததுதான் திருட்டு. சாகப் போகிற ஒருத்தியிடம் சரி என்று சொல்லிவிட்டு மீறினேன் என்பது வேறு. அண்ணன் அதை வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் மறுக்கவில்லை. முதல்முறையாக அந்த வீட்டில் எல்லோரும் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்தோம் என்று எழுத நினைத்தேன். முதல்முறை இல்லை.

நாங்கள் பிரிந்துவிடவில்லை. அவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். மகளைத் தினமும் போர்ட் கொச்சிப் பக்கம் கூட்டிப்போய்க் கப்பல் காட்டினார். மெல்ல மெல்ல என்னோடும் பேசினார். சாயா போட்டுக் கொடுத்தால் வாங்கிக் குடித்தார். மறுபடி கப்பலுக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணனுக்கு ஏதாவது ஆனால் என்கிட்டே சொல்லண்டா. உனக்கோ மோளுக்கோ ஆனால் உடனே சொல்லணும்."

"எனக்கு ஆனால் நான் எப்படிச் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சட்டென்று இருவரும் நிறுத்திக்கொண்டோம். எனக்கு எப்படி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "எனக்கு எல்லாத்தையும் அன்னைக்கே சொல்லணும். எந்த நிலையில இருந்தாலும்." சரி என்றார். எத்தனை சரிகளை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றை நானே சொல்லியும் இருக்கிறேன்.

போன வாரம் அம்மா கண் பரிசோதனைக்குப் போய் வந்தேன் என்றாள். ஒன்றுமில்லையாம், கண்ணாடி மட்டும் மாற்றச் சொன்னார்களாம். சரிம்மா என்று வைத்துவிட்டு, உடனே பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணுக்கு அழைத்தேன். அம்மா நடமாடுகிறாளா, கண்ணில் கட்டு ஏதும் போட்டிருக்கிறதா, வீட்டுக்கு யாராவது வந்து போகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சலித்துக்கொண்டார். "உங்கம்மா நல்லாத்தான் இருக்காவ. அவிய சொல்லுதத நம்ப மாட்டியா?" என்றார்.

அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடுத்த முறையும் கேட்பேன்.